எழுத்தின் மேல் நின்ற பிள்ளை

செல்வகுமார் செருப்பை முன்பள்ளி வாசலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பின்னேர மழை அப்போதுதான் விட்டிருந்தது. அவர் பாதம் பட்ட இடமெல்லாம் சிவப்புச் சீமெந்துத் தரையில் ஈரமாகப் பதிந்தது. நாலு அடி வைத்தவர் ஐந்தாவது அடியைத் தூக்கியபடி அப்படியே நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

தரை முழுக்க எழுத்துகள். நான் வெண்கட்டியால் எழுதியவை. ஒவ்வொன்றும் ஒரு பாய் அளவு. நடுவில் அவருடைய மகள் டிலானி, 'ட' எழுத்தின் மூலையில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இங்க பாருங்க! நான் 'ட' மேல நிக்கிறேன்!"

அவள் சந்தோஷத்தில்தான் கத்தினாள்.

செல்வகுமார் என்னைப் பார்த்தார். கோபக்காரர் இல்லை. எங்கள் பகுதியான மஹய்யாவயில் ஆட்டோ ஓட்டுகிறவர். கிழமையில் ஒரு நாளாவது சந்தியில் என்னைக் கண்டு தலையாட்டிவிட்டுப் போவார். அன்று அவர் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டதைப் பார்த்த முகம்.

"என்னாங்க டீச்சர் இது? எழுத்த மிதிக்கச் சொல்லியா புள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்கிறீங்க?"

கையில் இருந்த வெண்கட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். நான் அப்படித்தான். நாலு பேர் பார்க்கும்போது என் தொண்டையில் யாரோ மூடி போட்டுவிடுவார்கள். பத்திரிகையில் இந்தத் தொடரை எழுதச் சொல்லி ஆசிரியர் பீடத்திலிருந்து போன் வந்தபோதுகூட 'சரி' என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவர் எழுத்துகளுக்கு இடையில் இருந்த வெற்றுத் தரையாகத் தேடித் தேடி அடி வைத்துப் போய், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு மற்றப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாரும் தரையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கங்க. சரஸ்வதி தாயே மன்னிச்சுக்கன்னு சொல்லுங்க."

பிள்ளைகள் தொட்டார்கள். ரிஸ்னா என்ற பிள்ளை மட்டும் நின்றபடி என் முகத்தைப் பார்த்தாள். "நானும் கும்புடணுமா டீச்சர்?"

"நீ வேணாம் மகள். நீ சும்மா இரு" என்று செல்வகுமாரே அன்பாகச் சொன்னார்.

நானும் குனிந்து தொட்டேன். அவர் சொன்னதற்காக இல்லை. முதல் நாள் அந்தத் தரையில் எழுதியபோதே தொட்டிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் டீச்சர் இல்லை

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் என்னை ராணி டீச்சர் என்று கூப்பிட்டாலும் நான் முறையாகப் படித்த ஆசிரியை இல்லை. மடுல்கெல்லத் தோட்டத்துப் பள்ளியிலும் பிறகு பக்கத்து டவுன் பள்ளியிலும் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். கணக்கில் கோட்டை விட்டேன். கலியாணம் கட்டி மஹய்யாவக்கு வந்து, பரீதா மிஸ் நடத்தும் முன்பள்ளியில் உதவிக்குச் சேர்ந்தேன். பாய் விரிப்பது, மூக்குத் துடைப்பது, அழுகிற பிள்ளையை வெளியே கூட்டிப்போய்க் காகம் காட்டுவது, இதெல்லாம்தான் என் வேலை.

மத்தியானத்துக்குப் பிறகு முன்பள்ளிப் பிள்ளைகள் போய்விடுவார்கள். அப்போது முதலாம் வகுப்புப் படிக்கும் ஐந்தாறு பிள்ளைகள் வருவார்கள். அம்மாமார் வேலையால் வரும்வரை அவர்களை வைத்துக்கொள்வேன். டிலானியும் அதில் ஒருத்தி. அவளுடைய அம்மா மஞ்சுளாவுக்குப் பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் ஆறு மணிக்குத்தான் சந்தியில் இறக்கும்.

டிலானி வாயாடி. ஆயிரம் கதை சொல்வாள். ஆனால் எழுத்தைக் கண்டால் ஊமை. முக்கியமாக ப, ட, ம மூன்றும் அவளுக்கு ஒரே முகம். "எல்லாம் பொட்டி மாதிரி இருக்கு டீச்சர்" என்பாள். அது ஒன்றும் பொய்யில்லை.

முதலாம் வகுப்பின் இரண்டாம் தவணை முடியப் போகும் நேரம். வகுப்பாசிரியை சிவமலர் டீச்சர் ஒரு படிவம் கொடுத்தனுப்பியிருந்தார். பிள்ளையை விசேட வகுப்புக்கு மாற்றப் பெற்றோர் சம்மதம் தேவை. தவணை முடிவில் ஒரு முறை வாசிக்க வைத்துப் பார்ப்பேன், அதிலும் முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

விசேட வகுப்பை நான் குறைவாகச் சொல்லவில்லை. அது தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் அது இருந்தது நகரத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாறிப் போகும் வேறொரு பள்ளியில். கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர ஆள் இல்லை. மஞ்சுளா வேலையை விட வேண்டும். அதைவிட, இந்தப் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தோன்றியதை யாரிடம் சொல்வது? என் பேச்சை யார் எடுப்பார்கள்?

பஸ்ஸில் மந்திரம் சொன்னவள்

எனக்கு அப்படித் தோன்றியதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

மஹய்யாவக்கு வந்த புதிதில் எனக்குச் சிங்கள எழுத்துத் தெரியாது. பேசினால் விளங்கும். பஸ் போர்டு வாசிக்க வராது. இரண்டு முறை தவறான பஸ்ஸில் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் இறங்கி, அழுதுகொண்டே நடந்து வந்திருக்கிறேன். கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்க வாய் வரவேண்டுமே.

ஒரு சின்னப் புத்தகம் வாங்கி எழுத்துப் பழகினேன். பார்த்தால் மறந்தது. பத்துத் தடவை எழுதினாலும் மறந்தது. ஒரு நாள் பஸ்ஸில் இருந்தபோது, முன்னால் ஒட்டியிருந்த ஒரு போர்டைப் பார்த்து, பெருவிரலால் என் தொடையில் அந்த எழுத்தை மெல்லச் சுற்றிப் பார்த்தேன். அன்றைக்கு அது மறக்கவில்லை. அடுத்த நாளும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால் என் பெருவிரல் சும்மா இருக்காது. உதடும் சேர்ந்து அசையும்.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மெதுவாகத் தள்ளி உட்கார்ந்துவிட்டு, இறங்கும்போது என்னிடம் கேட்டார். "ஏம்மா, ஏதும் செய்வினையா? மந்திரம் சொல்லிக்கிட்டே வர்றீங்க?"

முன்பள்ளி உதவியாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். அங்கே வந்த பெண்மணி, சின்னப் பிள்ளைக்கு எழுத்தை உடம்பால் பழக்கலாம் என்றார். நடந்து பழக்கலாம், கையை வீசிக் காற்றில் எழுதலாம், குதித்துக் குதித்துச் சொல்லைப் பிரிக்கலாம். சொன்னதோடு விடவில்லை. "எல்லாரும் எழும்புங்க, இடுப்பால 'அ' எழுதுவோம்" என்றார்.

நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள், தேநீர் இடைவேளைக்குத்தான் வெளியே வந்தேன். வெளியில் எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து, குசினிக் கதவை மூடி, யாரும் இல்லாத நேரத்தில் முழங்கையால் 'அ' எழுதிப் பார்த்தேன். சோற்றுப் பானையின் மூடி பறந்து விழுந்தது. ஆனால் என் பெருவிரல் பஸ்ஸில் செய்ததைத்தான் அந்தப் பெண்மணி சொல்கிறார் என்று அப்போதுதான் பிடிபட்டது.

டிலானிக்கு நான் செய்தது அதுதான். 'ட' என்றால் கீழே வா, திரும்பு, நேரே போ, நில். 'ப' என்றால் கீழே வா, திரும்பு, போ, மறுபடி மேலே ஏறு. 'ம' என்றால் 'ப' மாதிரியே ஏறி, உச்சியில் உள்ளே வளைந்து இறங்கு. மெய்யெழுத்துப் புள்ளிக்கு மேலே ஒரு குதி. குதிப்பதற்காகவே அவள் புள்ளி வைத்த எழுத்தாகக் கேட்பாள்.

பத்து நாளில் பெட்டிகளுக்கு வேறு வேறு முகம் வரத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் மழை காரணமாகச் செல்வகுமார் மகளை ஏற்றிப்போகச் சீக்கிரமாக வந்தார்.

இதனாலதான் வரல்ல

அன்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பி நின்று ஒன்று சொன்னார். அதுதான் என்னைப் படுக்க விடவில்லை.

"புள்ளைக்குப் படிப்பு ஏன் வரல்லன்னு நாங்க தல ஒடஞ்சுகிட்டு இருக்கோம். மிதிச்சா எப்படி டீச்சர் வரும்? இதனாலதான் வரல்ல."

அவளுக்குப் படிப்பு வராதது நான் நடக்க வைப்பதற்கு முன்பிருந்தே. அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கே பயமாக இருந்தது. புத்தகத்தில் கால் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் எனக்கும் ரத்தத்தில் இருக்கிறது. கடை சாமான் சுற்றி வந்த பேப்பர் துண்டில்கூட நான் மிதிப்பதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு பிள்ளையை எழுத்தின் மேல் நிற்க வைத்திருக்கிறேன். ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால்?

அடுத்த நாள் பரீதா மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் பிள்ளைகளின் கொப்பிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"இப்ப அந்தாளு கம்ப்ளைன் பண்ணப் போறாரா?"

"தெரியல்ல மிஸ்."

"இந்த ஹோல் வாடகைக்கு எடுத்தது, ராணி. நாலு பேர் வந்து சத்தம் போட்டா நம்மள வெளியாக்கிருவாங்க. எங்கட ஆக்களும் அரபு எழுத்துன்னா உடமாட்டாங்க தானே. நீங்க தரைய வடிவா கழுவிருங்க. அந்த வெளயாட்டு இனி வாணாம்."

கழுவினேன். 'ப' முதலில் போனது. 'ம' மட்டும் சீமெந்து வெடிப்புக்குள் வெண்கட்டி இறங்கி, தேய்த்தும் போகாமல் கொஞ்சம் நின்றது. பழைய துணியை நனைத்து, முழங்காலில் நின்று அதையும் எடுத்தேன்.

வாசிப்புப் பார்க்கிற நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

டிலானி வந்தாள். கதிரையில் உட்கார வைத்து அட்டை காட்டினேன். முதல் நாள் இரண்டு எழுத்துத் தவறியது. மூன்றாம் நாள் மூன்று பெட்டியும் மறுபடி ஒன்றாகிவிட்டன. அவள் அழவில்லை. என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுத்து எல்லாம் எங்கயோ போயிருச்சு டீச்சர். நடந்தா வரும். அப்பா வேணாங்குறாரு."

அன்று பின்னேரம் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அவள் ஒருத்திதான் இருந்தாள். தரை சுத்தமாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அவளை அதன் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். பிறகு சொன்னேன்.

"ஒண்ணும் எழுதாம நடப்பியா? எழுத்து ஒனக்குள்ள இருக்கட்டும். காலு சும்மா போகட்டும்."

அவள் தலையாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கீழே வந்தாள், திரும்பினாள், போனாள், மேலே ஏறினாள். "ப" என்றாள்.

எழுதாத எழுத்தை மிதிக்க முடியுமா, முடியாதா? கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் இல்லை. கேட்க வேண்டியவர் அவள் அப்பா ஒருவர்தான். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆறு மணிக்குச் சந்தியில் நின்று, பஸ்ஸால் இறங்கிய மஞ்சுளாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"தரையில ஒண்ணும் எழுதல்லயே டீச்சர்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப நடக்கட்டும். அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. இப்பவே ரெண்டு வெள்ளிக்கிழமையா மகளுக்காக விரதம் இருக்காரு. தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு."

அப்படியாக நானும் ஒரு தகப்பனுக்குத் தெரியாமல் அவர் பிள்ளைக்கு ஒரு காரியம் செய்கிறவளாக ஆனேன். சந்தியில் அவர் தலையாட்டினால் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனேன்.

கையைக் கட்டுங்கோ

வாசிப்புப் பார்க்கிற அன்று மஞ்சுளாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்க போங்க டீச்சர். அவருக்கு ஒண்ணும் வெளங்காது. கையெழுத்துப் போடச் சொன்னா போட்டுட்டு வந்துருவாரு" என்றாள்.

செல்வகுமாரின் ஆட்டோவில் நானும் டிலானியும் பின்னால். டிலானியின் வெள்ளைச் சப்பாத்துக்குள் கால் விரல்கள் அசைவது எனக்கு மேலிருந்தே தெரிந்தது. நான் என் கையை அவள் முழங்காலில் வைத்தேன். அமர்த்துவதற்கா, தைரியம் சொல்வதற்கா என்று எனக்கே தெரியாது.

வகுப்பின் மற்றப் பிள்ளைகளை வெளியே விளையாட விட்டிருந்தார்கள். சிவமலர் டீச்சர் யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர், மெலிந்த உருவம், கண்ணாடி. மேசையில் படிவம் ஒரு பக்கம், சொல் எழுதிய அட்டைக் கட்டு ஒரு பக்கம். செல்வகுமார் உள்ளே வரவில்லை. வெளி விறாந்தையில் தூணோடு சாய்ந்து நின்றார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பாதி உள்ளே, பாதி வெளியே நின்றேன்.

"நீங்கள் ஆர்?"

"பின்னேரத்துல புள்ளையப் பாத்துக்கிறது நான்தாங்க."

"சரி. நில்லுங்கோ. பிள்ளை, கதிரையில இருங்கோ. வடிவா கையைக் கட்டுங்கோ."

டிலானி கையைக் கட்டினாள். முதல் அட்டை வந்தது. "கல்" என்றாள். இரண்டாவது, "வால்." மூன்றாவதுக்கு நேரம் எடுத்தது. மேசைக்குக் கீழே அவள் வலது சப்பாத்து தரையில் ஒரு சின்ன வளைவு போட்டது. "இலை."

"ஓம், சரி. ஆனா காலை ஆட்டாதேங்கோ பிள்ளை. நேரா இருங்கோ."

சப்பாத்து நின்றது.

நாலாவது அட்டை வந்தது. எனக்கு அது கதவிலிருந்தே தெரிந்தது. படம். அவளுடைய மூன்று பெட்டிகளும் ஒரே வரிசையில்.

டிலானி அதைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. "ம..." என்றாள். நிறுத்தினாள். "ட..." அதையும் நிறுத்தினாள். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. நல்லவர்தான். பேனையை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியில் பிள்ளைகளின் கூச்சல். தூணருகே செல்வகுமார் நிமிர்ந்து நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதைக் கண்டேன். அவர் உதடும் ஏதோ முணுமுணுத்தது.

"தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லுங்கோ பிள்ளை. பரவாயில்லை."

டிலானி கட்டிய கையை எடுக்காமல் கேட்டாள்.

"டீச்சர், ஒருக்கா வெளிய போயி நடந்துட்டு வந்து சொல்லவா?"

"எங்க? பாத்ரூமுக்கோ?"

"இல்ல டீச்சர். இந்த எழுத்துல."

தூண் பக்கம் பார்க்க எனக்குப் பயம்.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்று சிவமலர் டீச்சர் கேட்டது என்னைத்தான்.

நான் இந்த வயதுவரை எத்தனையோ இடத்தில் வாய் திறக்காமல் தப்பியிருக்கிறேன். அந்தக் கதவிலும் தப்பியிருக்கலாம். 'தெரியாதுங்க' என்றால் போதும். செல்வகுமாருக்கு ஒன்றும் தெரியவராது, மஞ்சுளாவுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். படிவத்தில் அவர் கையெழுத்துப் போடுவார்.

"அவ காலாலதாங்க வாசிப்பா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "மொதல்ல காலு நடந்து பாக்கும். பொறகுதான் வாயில வரும். நான்தான் அப்படிப் பழக்கினேன். அவங்க அப்பா வேணாம்னாரு. அதுக்குப் பொறகும் பழக்கினேன். தரையில எழுதல்ல. சும்மா நடக்கத்தான் உட்டேன். தப்புன்னா ஏம் மேலதாங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு வகுப்பில முப்பத்தெட்டுப் பிள்ளையள். எல்லாரும் எழும்பி நடந்தா நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ பாப்பம்?"

அது நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. தெரியாதுங்க என்றுதான் சொன்னேன். "ஆனா இன்னைக்கு ஒருத்திதானே இருக்கா" என்று அடுத்து வாயில் வந்ததை நான் நினைத்துச் சொல்லவில்லை.

சிவமலர் டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையை. அவர் உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"சரி. ஒருக்கா. நடந்திட்டு வாங்கோ."

விறாந்தை

டிலானி கையைக் கட்டியபடியே எழும்பி வெளியே போனாள். எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே.

விறாந்தை சதுரக் கல் பதித்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்றாள், அப்பாவுக்கு நாலு அடி தள்ளி. அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணை மூடினாள்.

கீழே வந்தாள். திரும்பினாள். போனாள். மேலே ஏறினாள். நின்று, அடுத்ததற்குத் தள்ளிப் போனாள். கீழே வந்தாள், திரும்பினாள், போனாள், நின்றாள். பிறகு அப்பாவுக்கு மிகப் பக்கத்தில் மூன்றாவது. ஏறினாள், உள்ளே வளைந்து இறங்கினாள். உச்சிக்குப் போய், இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதித்தாள். வெள்ளைச் சப்பாத்து கல்லில் டப்பென்று விழுந்தது.

செல்வகுமாரின் கண் அவள் காலை விட்டு எடுபடவேயில்லை. அவர் எதை யோசித்தார் என்று நான் எழுத முடியாது. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

அவள் உள்ளே வந்து கதிரையில் இருந்தாள்.

"படம்."

டீச்சர் அடுத்த அட்டையை எடுத்தார். எடுத்தவர் அதை மேசையில் வைக்காமல் எழும்பினார். கட்டு முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்கோ பிள்ளை, வெளியிலயே பாப்பம்" என்று விறாந்தைக்கு நடந்தார். சில சொற்களை அவள் நின்றபடியே சொன்னாள். சிலவற்றுக்கு நடந்தாள். ஒன்றைத் தவறாகச் சொல்லி, தானே சிரித்து, மறுபடி நடந்து, மறுபடியும் தவறாகச் சொன்னாள். அது பரவாயில்லை என்று டீச்சர் அடுத்ததற்குப் போனார்.

முடிந்ததும் உள்ளே வந்து படிவத்தை எடுத்து, மடித்து, மேசை லாச்சிக்குள் வைத்தார். வேறொரு தாளில் இரண்டு வரி எழுதினார்.

"அடுத்த தவணையும் இருக்கட்டும். பாப்பம். கட்டாயம் சரியாகும் எண்டு நான் சொல்ல மாட்டன்" என்றார் என்னிடம். "நீங்கள் ஒரு நாளைக்கு வந்து எனக்கு இதைக் காட்டுங்கோ." பிறகு வெளியே குரல் கொடுத்தார். "தகப்பன், வாங்கோ. பிள்ளை இந்த வகுப்பிலயே இருக்கட்டும் எண்டு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

செல்வகுமார் தூணிலிருந்து விலகினார். வாசலுக்கு நேரே வந்தால் ஐந்தாறு அடிதான். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை வைக்கவில்லை. மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, கடைசியா எங்க குதிச்ச? இந்தக் கல்லா?"

"ஆமாப்பா. அதுதான் புள்ளி."

அவர் அந்தக் கல்லை விட்டார். அதற்கு அடுத்ததையும் விட்டார். சுவரோடு ஒட்டி, பக்கவாட்டாக, அவள் நடந்த இடம் எதிலும் கால் படாமல் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, பேனையை வாங்கினார்.